குச்சும் மாத்திரையும்

பொள்ளாச்சியில் ஏறினால் பாலக்காட்டு பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஒரு நிமிஷம் நின்று கிளம்பும். அதற்கப்புறம் பெயர்ப்பலகையில் எழுத்துதான் மாறும், பேச்சு மாறாது. சித்தூர் தாலூகாவின் இந்த ஓரத்தில் தென்னந்தோப்பும் கள் இறக்கும் மரமும் பால் சொசைட்டியும் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியும் கொங்கு நாட்டின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. ஆபீஸில் மலையாளம், அடுப்படியில் தமிழ். சீரும் முறையும் தீட்டும் எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) 1940களின் கடைசியில் இந்த மண்ணில்தான் பெரியமனுஷி ஆனார். அவர் தோட்டத்துக் குச்சில் உட்கார்ந்தார். அம்மா கொட்டகைச் சாய்ப்பில் உட்கார்ந்தார். நான் நடை அறையின் மூலையில் உட்கார்ந்தேன். என் மகள் எங்கும் உட்காரவில்லை. நான்கு தலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் போன மாதம் நான் கண்ட ஒரு மாத்திரை அட்டை என்னைத் திரும்ப யோசிக்க வைத்தது. அதைச் சொல்வதற்கு முன் குச்சைச் சொல்லவேண்டும்.

அன்று: பச்சை ஓலைக்குள் பதினாறு நாள்

பெண் வயதுக்கு வந்த சேதி போனதும் தாய்மாமன் வருவார். பச்சைத் தென்னோலையை வெட்டி, வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்து ஓரத்தில் குச்சு கட்டுவார். நிமிர்ந்து நிற்க முடியாது. காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். வாசலுக்குக் குறுக்கே உலக்கை. ஓலையில் செருகிய வேப்பிலைக் கொத்து. காத்துக்கருப்பு அண்டாமல் இருக்கப் பெண்ணின் கையில் ஓர் இரும்புத் துண்டு. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. சலவைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பெண் வந்து மாத்துத் துணி கொடுத்து, அழுக்கை வாங்கிப் போவார். இவளைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கிய வீடு, இவள் துணியைத் தொடும் வேலையை இன்னொரு பெண்ணின் சாதிக்கு எழுதிவைத்திருந்தது. தீட்டும் தீண்டாமையும் ஒரே பாயில் படுத்திருந்த காலம் அது.

அம்மிச்சி அந்த நாட்களைச் சொன்னது ஒரே ஒரு முறைதான். நான் பிரசவம் முடிந்து படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “பாம்பு பூச்சிய நெனச்சுப் பயந்தது ஒருபக்கம் இருக்கட்டும் கண்ணு. ராத்திரி ஒண்ணுக்கு வந்தா அம்மாளக் கூப்படோணும். கூப்பட்டா அண்ணமாருக்குக் கேக்கும். வெக்கமாப் போயிரும். விடியற வரைக்கும் அடக்கிக்கிட்டே கெடப்பேன் சாமி.”

பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் குழந்தை. உடம்பில் முதன்முறையாக ரத்தம் பார்த்துப் பயந்திருக்கிறது. அதை மடியில் போட்டுத் தேற்றவேண்டிய நேரத்தில், தாயிடமிருந்து பிரித்து இருட்டில் படுக்கவைத்தோம். சிறுநீரை அடக்கினால் என்ன ஆகும், ஈரத் துணியை மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்று இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மிச்சிக்குக் கடைசிவரை நீர்க்கடுப்பு தீரவில்லை. குச்சில் தொடங்கியதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் அப்படித்தான் நம்பினார்.

நல்லதையும் சொல்லிவிடவேண்டும். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, பனங்கருப்பட்டி என்று அந்தப் பதினாறு நாளில் கொடுத்த சாப்பாடு போல அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்ததில்லை. வளரும் உடம்புக்கு அது வேண்டும். களியை வீட்டுக்குள் வைத்தே கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

கடைசி நாளில் குச்சைப் பிரித்துத் தீ வைப்பார்கள். தண்ணீர் ஊற்றி, புதுச்சேலை கட்டி, சீர் வைத்து வீட்டுக்குள் அழைப்பார்கள். ஊருக்கே தெரிந்துவிடும், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்று. அம்மிச்சிக்கு அடுத்த வருஷமே கல்யாணம். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. குச்சு எரிந்து சாம்பலானாலும், மாதாமாதம் மூன்று நாள் ‘வீட்டுக்குத் தூரம்’ என்கிற கணக்கு மாதவிடாய் நிற்கும்வரை நாற்பது வருஷம் ஓடியது.

அம்மா காலத்தில் தோட்டத்துக் குச்சு மாட்டுக் கொட்டகையின் சாய்ப்புக்கு வந்தது. என் காலத்தில், 1980களில், வீட்டுக்குள்ளேயே ஒரு மூலை. அப்போதும் துணியைத் துவைத்து ஆண்கள் கண்ணில் படாமல் குப்பைமேட்டு வேலி மறைவில்தான் காயப்போட்டோம். வெயில் படாத துணி ஈரம் உலராமல் மறுபடி உடம்புக்கு வரும். நான் பதினாறு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. காலாண்டுப் பரீட்சை போயிற்று. அது ஒரு இழப்பு என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இன்று வலிக்கிறது.

இன்று: எது மாற்றியது?

உபதேசம் மட்டும் மாற்றவில்லை. பொருள் வந்தது, இடம் வந்தது, பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் கதவுள்ள கழிப்பறை வந்தது. கடையில் நாப்கின் வந்தது. பிறகு அது இலவசமாகவும் வந்தது.

இங்கிருந்து பொள்ளாச்சி வழியாகப் போனால் கோயம்புத்தூர். அந்த ஊர்க்காரர் அருணாசலம் முருகானந்தம், 1998-இல் கல்யாணமான புதிதில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பஞ்சு வாங்கித் தானே செய்து பார்த்தார். சோதித்துச் சொல்ல எந்தப் பெண்ணும் முன்வராததால், பந்துப் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. வீடும் சில வருஷம் பிரிந்து நின்றது. கடைசியில் மகளிர் குழுக்கள் தாங்களே வைத்து ஓட்டக்கூடிய சின்ன இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார். 2016-இல் பத்மஸ்ரீ. அவருடைய இயந்திரத்தை வைத்து வடநாட்டுக் கிராமப் பெண்கள் நாப்கின் செய்யும் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2019-இல் ஆஸ்கார் வாங்கியது. எங்கள் பக்கத்து ஊர் ஆண் ஒருவர் வாய்விட்டுப் பேசியதும் பல வீடுகளில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

அரசுகளும் வந்தன. தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட் நாப்கின் கொடுத்தது. கேரளத்தில் 2017-இல் பள்ளிகளுக்கு ‘ஷீ பேட்’ வந்தது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி 2022-இல் நாப்கினையும் தாண்டி, மாதவிடாய்க் கப்புக்கு மாறிய ஊராக அறிவிக்கப்பட்டது. 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர், தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015–16-இல் இந்திய அளவில் நூற்றுக்குச் சுமார் 58 பேர். 2019–21-இல் சுமார் 78 பேர்.

என் மகள் வயதுக்கு வந்த அன்று பள்ளியிலிருந்துதான் போன் வந்தது. வகுப்பு டீச்சர் நாப்கின் கொடுத்து, கட்டும் விதம் சொல்லி, மத்தியானம் வரை வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தார். மறுநாளும் பள்ளிக்குப் போனாள். அம்மிச்சி அப்போது உயிரோடு இருந்தார். மாமன் ஓலை வெட்ட வரட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, “ஓலையெல்லாம் வேண்டாஞ் சாமி, களியக் கிண்டுங்க, போதும்” என்றார். எங்கள் குடும்பத்தில் குச்சு அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றது. அதை உடம்பால் அனுபவித்த மூத்த பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகு, எந்த மாமனாலும் கட்ட முடியவில்லை.

மலைமேல்: எரிக்காத குடில்

கோபாலபுரத்தில் எரிந்துபோன குச்சு இடுக்கி மலையில் நிலைத்த கட்டடமாகவே இருக்கிறது. மூணாறிலிருந்து ராஜமலை, பெட்டிமுடி தாண்டிக் காட்டுக்குள் போனால் இடமலக்குடி. 2010-இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்து. அங்கே வாழ்கிறவர்கள் முதுவான் மக்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய குலக்கதை. பேச்சு தமிழோடு ஒட்டியது. இன்றும் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டித்தான் நடக்கிறார்கள்.

குடிக்குக் குடி, வீடுகளிலிருந்து ஒதுங்கி ஒரு குடில் இருக்கும். மலையாளத்தில் அதை வாலாய்மப்புரை என்கிறார்கள். வாலாமை என்றால் நம் பழந்தமிழிலும் தீட்டுதான். மாதவிடாய் வந்த பெண்கள் அந்த நாட்களை அங்கே கழிக்கவேண்டும். பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையோடு அங்கேதான். மழைக்காலத்தில் அந்த மலையில் குளிர் எப்படி இருக்கும் என்று மூணாறுக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் குடிலைத் தவிர்க்கப் பெண்கள் ஒரு வழி கண்டார்கள் என்று கேரளப் பத்திரிகைகள் எழுதின. கருத்தடைக்குத் தருகிற மாலா-டி மாத்திரையை இடைவிடாமல் விழுங்குவது. அந்த அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, 7 பழுப்பு. வெள்ளையில் ஹார்மோன் இருக்கிறது. பழுப்பில் இருப்பது இரும்புச்சத்து. வெள்ளை முடிந்து பழுப்பு சாப்பிடும் வாரத்தில்தான் ரத்தப்போக்கு வரும். அதனால் பழுப்பைத் தொடாமல் அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கிவிட்டால் மாதவிடாய் வராது. குடிலுக்கும் போகவேண்டாம்.

மருத்துவர் பார்த்து, ரத்த அழுத்தம் சோதித்து, தேவைக்காகத் தொடர்ந்து தருவது வேறு. அதில் தவறில்லை. யாரிடமும் கேட்காமல், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியாமல், ஒரு குடிலுக்குப் பயந்து வருஷக்கணக்கில் விழுங்குவது வேறு. குழந்தை வேண்டும் என்கிற வயதிலும் நிறுத்தத் துணியாமல் விழுங்கியவர்கள் உண்டு என்று அந்தச் செய்திகள் சொல்லின. கல்யாணமாகாத சிறுமிகள்வரை அந்த அட்டை போனது. ரத்தசோகை அதிகமுள்ள மலையில், குப்பைக்குப் போனது அந்த ஏழு இரும்பு மாத்திரை. எங்கள் அம்மிச்சி கையில் காத்துக்கருப்புக்காக இரும்பைக் கொடுத்தோம். இந்தப் பெண்கள் குடிலுக்குப் பயந்து, உடம்புக்கு வேண்டிய இரும்பை எறிந்தார்கள்.

கீழே, நம் கடைவீதியில்

மலை மக்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எழுந்துவிட எனக்கு உரிமை இல்லை. போன மாதம் எங்கள் பக்கத்து மாரியம்மன் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் கேட்டது ஒரே மருந்து. “தள்ளிப்போடற மாத்திரை குடுங்க.” அதில் ஒரு தாய், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற மகளுக்காகக் கேட்டார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அட்டையை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோரெதிஸ்டிரோன் என்கிற அந்த மாத்திரையை, மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கித் தினம் மூன்று வேளை தருவது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். தலைவலி, குமட்டல், மார்பக வலி சிலருக்கு உண்டு. ரத்தம் கட்டும் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. அதனால்தான் மருத்துவர் சீட்டு வேண்டும் என்கிறது விதி. கிருகப்பிரவேசம், கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்டவர் இருக்கும் வீடு, நோன்பு என்று வருஷத்துக்கு நாலைந்து முறை விழுங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். நானும் விழுங்கியிருக்கிறேன்.

அன்று பெண்ணை வீட்டுக்கு வெளியே வைத்தோம். இன்று பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவள் மாதத்தை உடம்புக்கு வெளியே தள்ளுகிறோம். தூரம் அப்படியே இருக்கிறது. அதை அளக்கிற கோல்தான் ஓலையிலிருந்து மாத்திரைக்கு மாறியிருக்கிறது. இடமலக்குடிப் பெண்ணுக்கும் கடைவீதியில் நின்ற சீருடைப் பெண்ணுக்கும் இடையே மலையும் சமவெளியும் இருக்கலாம். பயம் ஒன்றுதான்.

உயிர் போன இடங்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில், முதல் மாதவிடாய் வந்த சிறுமியைத் தோப்புக் குடிசையில் தனியே வைத்திருந்தார்கள். புயல் வருகிறது என்று அரசாங்கம் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தென்னை மரம் குடிசைமேல் விழுந்தது. அந்தப் பிள்ளை இறந்துபோனாள். புயல் கொன்றவர்கள் பட்டியலில் அவளும் ஒரு எண். அவளைப் புயலுக்கு முன்னால் நிறுத்தியது யார் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் ‘முட்டுத்துறை’ என்று ஊர்ப்பொதுவில் ஒரு கட்டடம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் அங்கே போய்த் தங்கவேண்டும். வெளியாட்கள் கேட்டால் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்பார்களாம். அதன் பெயரைச் சொல்ல அவர்களுக்கே கூசுகிறது.

நேபாளத்து மேற்கு மலைகளில் இதே குடிலுக்குச் சவுபடி என்று பெயர். குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையிலும் பாம்புக்கடியிலும் பெண்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை செய்தது. யாரும் கேட்கவில்லை. 2017-இல் சட்டம் போட்டு, ஒரு பெண்ணைக் குடிலுக்குத் துரத்தினால் மூன்று மாதம் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் என்றார்கள். 2018 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஜனவரியிலேயே ஒரு தாயும் அவருடைய இரண்டு மகன்களும் அப்படி ஒரு குடிலில் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். சட்டம் வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வராமல் அது மட்டும் போதாது.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில், நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்ணை ஒதுக்குவது அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்த தீண்டாமையின் ஒரு வடிவம் என்றார். அந்த வழக்கு எழுப்பிய கேள்விகள் பிறகு ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயின. கோயில் பற்றிய வாதம் நீதிமன்றத்தில் நடக்கட்டும். வீட்டில் ஒரு பெண் குழந்தை எங்கே படுக்கவேண்டும் என்பதற்கு எந்த அமர்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓய்வு என்கிற வாதம்

“பெண்களுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று நாளில்தான் அடுப்பிலிருந்து விடுதலை என்று என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். முதுவான் பெண்களிலும், நாங்கள் நாலு பேர் சேர்ந்து பேசிச் சிரிப்பது அங்கேதான் என்று சொல்பவர்கள் இருக்கக்கூடும். ஆனால் ஓய்வு என்றால், வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாம்போது எழுந்து போகலாம். குச்சிலிருந்து எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் படுக்க அம்மிச்சிக்கு அனுமதி இல்லை. ஓய்வுக்கு இன்று வேறு வழி பிறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் கேரளம் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பு அறிவித்தது. வருகைப்பதிவில் சலுகை, தீட்டு என்கிற பேச்சே இல்லை. அதுதான் ஓய்வு.

இன்னொன்றும் மாறவில்லை. குச்சு போன இடத்தில் மண்டபம் வந்திருக்கிறது. மஞ்சள் நீராட்டுக்குச் சிறுமியின் முகத்தை ஆளுயர ஃபிளெக்ஸில் அடித்துக் கடைவீதியில் கட்டுகிறோம். அவள் உடம்பில் நடந்ததை ஊருக்கு அறிவிக்க அவளிடம் கேட்டோமா? சீர் செய்ய ஆசைப்படும் மாமன்மாருக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பணத்தை அவள் பெயரில் போட்டுவையுங்கள். கல்லூரிக்கு உதவும்.

நாளைக்கு

இப்போது பள்ளிகளில் வாரம் ஒரு நாள் வளரிளம் பிள்ளைகளுக்கு நீல நிறத்தில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும். என் மகள் அதை வகுப்பிலேயே தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டுப் பக்கத்துப் பெண்ணோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். மாதத்தில் எந்த நாளானாலும் அதே பெஞ்சுதான். அம்மிச்சியின் கையில் இருந்த இரும்பு, நான்காவது தலைமுறையில், சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெண் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அவளை உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள். களி கொடுங்கள். என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பாவும் கூட இருந்து கேட்கட்டும். நோன்பு வந்தால் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அம்மன் முன்னால் அவள் நின்றால் அம்மனுக்கு ஒன்றும் ஆகாது. அம்மனும் பெண்தான்.